டாங்கியார் சிபாரிசு செய்த ஐந்து புத்தகங்கள்

கடலுக்குள் கல்லையும் மண்ணையும் கொட்டித் துறைமுகத்தை அகலப்படுத்தும் இடத்தில் அவர் புல்டோசர் ஓட்டினார். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையோடு நின்றுவிட்டது. மற்றபடி எல்லோருக்கும் அவர் டாங்கியார். சாப்பாட்டு வேளையில் மற்றவர்கள் சீட்டுக்கட்டைப் பிரிக்கும்போது அவர் மட்டும் டாங்கிப் படம் போட்ட தடிப் புத்தகம் ஒன்றைப் பிரிப்பார். அதில் ஒட்டிக்கொண்ட பட்டம்.

“என்ன டாங்கியாரே, இன்னிக்கு எந்தத் தீவைப் புடிச்சீங்க?” என்று யாராவது எதிரே வந்து நின்று கேட்டால், கேட்டவனின் உதட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “எங்கப்பா, இன்னும் தண்ணியிலயே நிக்கறோம்” என்பார். முதுகுக்குப் பின்னாலிருந்து கேட்டால் பதில் வராது. மனுஷன் படிப்பில் மூழ்கிவிட்டார் என்று நினைத்துக்கொள்வார்கள். அவருக்கும் அது வசதியாகத்தான் இருந்தது.

உண்மையில் அவருக்குக் காது போய்க்கொண்டிருந்தது. எஞ்சினுக்குப் பக்கத்திலேயே வாழ்ந்தவர். அது கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. வண்டியின் நோய்நொடி எதுவும் அவருக்குக் காது வழியாக வருவதில்லை. இருக்கையின் அதிர்விலும் லீவரின் நடுக்கத்திலும் வந்துவிடும். ஆகவே வேலைக்குக் குறைவில்லை என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். மனைவிக்கு விஷயம் தெரியும். அவள் தம்பிக்கும், அதாவது அவருடைய மைத்துனனுக்கும், தெரியும். வேறு யாருக்கும் தெரியாமல் பார்த்துக்கொள்வது மூவருக்கும் பழகிப்போயிருந்தது.

மனைவி ஆஸ்பத்திரியில் சலவைப் பிரிவில் வேலை பார்த்தாள். அங்கே பீப்பாய் மாதிரி சுழலும் இயந்திரங்களுக்கு மேல் குரல் எழுப்பிப் பேசிப் பழகியவள். வீட்டிலும் அதே குரல். “உப்பு போதுமா?” என்று அவள் கேட்பது கீழ் வீட்டுக்குக் குடும்பச் சண்டையாகக் கேட்கும். கீழ் வீட்டு அம்மாள் ஒருநாள் படியேறி வந்து, “அந்த மனுஷன் ஒரு வார்த்தை திருப்பிப் பேசறாரா பாரு. நீயும் கொஞ்சம் விட்டுக்குடேன்மா” என்று புத்தி சொல்லிவிட்டுப் போனாள். அவள் போனபிறகு இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

புத்தகப் பழக்கம் மழையில் வந்தது. பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே இருக்கும் நூலகத்தில் மழைக்கு ஒதுங்கியவர், கையில் கிடைத்த ஒரு படப் புத்தகத்தைப் புரட்டினார். இரண்டாம் உலகப் போரில் பசிபிக் தீவுகளில் அமெரிக்க மரைன் படை கரையேறிய காலத்துப் படங்கள். அதில் ஒன்றில் டாங்கி ஒன்று தண்ணீருக்குள் முழுகிக் கிடந்தது. மேலே சுழலும் கூடு மட்டும் தெரிந்தது. பின்னால், கல்லெறி தூரத்தில், கரை.

‘இவ்வளவு கிட்ட வந்துட்டு வண்டியை எப்படி முழுகவிட்டான்?’

நாள்தோறும் கடலோரத்தில் கனமான வண்டியைக் கொண்டுபோய் நிறுத்துகிற ஒருவருக்குத்தான் அந்தக் கேள்வி அப்படி உறைக்கும். பதிலைத் தேடி அந்தப் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போனார். பள்ளிக்கூடத்து ஆங்கிலம்; அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டாத குறையாகப் படித்தார். பதில் இரண்டாவது புத்தகத்தில்தான் கிடைத்தது. அதற்குள் மூன்றாவதை எடுக்கத் தோன்றிவிட்டது. சில வருஷங்களில் போர்ப் புத்தக அலமாரியின் ஒரு தட்டையே தீர்த்துவிட்டார்.

பதில் இதுதான். தீவைச் சுற்றிப் பவளப் பாறை வேலி போட்டதுபோல் நின்றது. படகுகள் அதைத் தாண்ட முடியாத இடங்களில் டாங்கிகளைப் பாறை விளிம்பிலேயே இறக்கிவிட்டார்கள். அங்கிருந்து அவை தண்ணீருக்குள் ஊர்ந்து கரைக்குப் போகவேண்டும். ஆனால் கரையை நோக்கி அவர்களே கப்பலிலிருந்து முதலில் சுட்ட குண்டுகள் தண்ணீருக்கு அடியில் பள்ளம் பள்ளமாகத் தோண்டிவிட்டிருந்தன. இரும்புக் கூட்டுக்குள் இருப்பவன் ஒரு பிளவு வழியாகப் பார்த்தால் பள்ளம் தெரியாது. தண்ணீர் எல்லா இடத்திலும் ஒரே மாதிரிதான் மின்னும். ஆகவே வண்டிக்கு முன்னால் மனிதர்கள் நடந்தார்கள். காலால் தடவிப் பார்த்து, பள்ளம் இல்லாத வழியில் மிதவைகளை விட்டுக்கொண்டே போனார்கள். வண்டிக்கு இரும்புத் தோல் இருந்தது. அவர்களுக்குச் சட்டைதான்.

டாங்கியாருக்கு முன்னாலும் ஒருவன் நடந்தான். அவருடைய மைத்துனன். புதிதாகக் கொட்டிய கல்லுக்கு அடியில் எங்கே பொள்ளலாக இருக்கிறது என்று நீளமான இரும்புக் கம்பால் குத்திப் பார்த்து, கையால் சைகை காட்டுவது அவன் வேலை. மூடிய கை மேலே போனால் நில். உள்ளங்கையைத் தள்ளினால் பின்னால் போ. விரல்களை மடக்கி மடக்கி அழைத்தால் மெல்ல வா. அவன் கண்ணில் படும் வரையில் டாங்கியாருக்குக் காது தேவைப்படவில்லை.

கண்ணில் படாத ஒரு நாள் வந்தது. கல் மேட்டைத் தள்ளிவிட்டு வண்டியைப் பின்னால் எடுத்தபோது, சக்கரத்துக்குப் பதிலாக ஓடும் இரும்புச் செயின் போன தடத்தில் மஞ்சளாக ஏதோ தெரிந்தது. இறங்கிப் போய்ப் பார்த்தார். மைத்துனனின் ஹெல்மெட். காகிதத்தை மடித்து வைத்ததுபோல் சப்பையாகிக் கிடந்தது. குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தார். மேட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து மைத்துனன் தலையைத் தடவிக்கொண்டு ஏறி வந்தான்.

“காத்துல பறந்துடுச்சு மாமா.”

அன்றைக்குக் கடல்மேல் காற்றே இல்லை. கொடிக் கம்பத்தில் துணி சுருண்டு தொங்கியது. அவர் கொடியைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். “புதுசு ஒண்ணு கேட்டு வாங்கிக்கோ மாப்ள” என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டார். அவன் முழங்கையில் தோல் உரிந்திருந்ததையும் அவர் பார்க்காமல் இல்லை.

அதற்கு மூன்று மாதம் கழித்துத்தான் நூலகத்திலிருந்து அழைப்பு வந்தது.

நூலகர் அதிகம் பேசாத அம்மாள். பேசுவதற்குப் பதிலாகப் பலகை வைப்பாள். வாசலில் ‘இந்த மாதம் என்ன படிக்கலாம்?’ என்று ஒரு பலகை. மாதம் ஒரு வாசகர் ஒரு பொருளைப் பற்றி ஐந்து புத்தகங்களைச் சிபாரிசு செய்வார். கடைசி ஞாயிறு காலை அவற்றைப் பற்றிப் பேசுவார். தோட்டம் வந்தது, இருதய நோய் வந்தது, நாய் வளர்ப்பு இருமுறை வந்தது. டாங்கியார் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தபோது, அவள் அவர் முகத்துக்கு நேரே குனிந்து, “அடுத்த மாசம் நீங்க” என்றாள்.

“நானா? என்ன பேசறது?”

“இந்தத் தட்டுல உங்களைத் தவிர யாரும் கைய வெக்கறதில்ல. அதையே பேசுங்க.”

அவர் வீட்டுக்கு வந்து சொன்னதும் மனைவி துணி மடிப்பதை நிறுத்தினாள்.

“பேசுவீங்க, சரி. பேசி முடிச்சதும் கேள்வி கேப்பாங்களே, அப்ப?”

“கேள்வி வேணாம்னு சொல்லிடறேன்.”

“அது என்ன, ராஜா தர்பாரா? பேசிட்டு எழுந்து போக?”

மைத்துனன்தான் வழி கண்டுபிடித்தான். “நான் முதல் வரிசையில உக்காந்துக்கறேன். என்ன கேட்டாலும் உங்களுக்குக் கையால காட்டறேன். சைட்ல பண்றதுதானே மாமா?”

“டேய், அங்க கல்லு. இங்க கேள்வி” என்றாள் அக்கா.

“எல்லாம் ஒண்ணுதான்க்கா. இடிக்காம போனா சரி.”

புத்தகங்களைப் பொறுக்குவது நினைத்ததைவிடக் கஷ்டமாக இருந்தது. மழை நாளில் எடுத்த படப் புத்தகம் முதலில் வேண்டும். படம் பார்க்காதவனுக்கு மற்றது எதுவும் ஏறாது. அடுத்து, எந்தத் தீவு, எந்த வருஷம், என்ன பிழை, எப்படித் திருத்திக்கொண்டார்கள் என்று வரிசையாகச் சொல்லும் தடிப் புத்தகம்; தூக்கம் வரும், ஆனால் அது இல்லாமல் முடியாது. மூன்றாவது, ஒரு பழுதுபார்ப்பவர் எழுதியது: உப்புத் தண்ணீர் எஞ்சினை என்ன செய்யும், உடைந்த வண்டியிலிருந்து எதைக் கழற்றி எதில் மாட்டினார்கள், எதிரி காந்தத்தால் ஒட்டவைக்கும் வெடியைத் தடுக்க டாங்கியின் பக்கங்களில் எப்படி மரப்பலகை அடித்தார்கள். அதை அவர் சொத்துபோல் காத்தார். நான்காவது, டாங்கி ஓட்டிய ஒருவரின் நினைவுகள்.

ஐந்தாவதுதான் அவரை அலைக்கழித்தது. எல்லாப் புத்தகத்திலும் தீவு என்றால் மணல், பதுங்குகுழி, தென்னை மரம். அங்கே குடியிருந்தவர்கள் எங்கே? ஒல்லியான ஒரு புத்தகத்தில் மட்டும் அவர்கள் இருந்தார்கள். சண்டை முடிந்து ஊருக்குத் திரும்பி, தம் முன்னோரின் கல்லறை மேட்டின்மேல் செயின் தடம் ஓடியிருப்பதைப் பார்த்தவர்கள். அதில் டாங்கி என்ற சொல்லே நாலைந்து முறைதான் வருகிறது. இதைச் சேர்க்கலாமா என்று நூலகரைக் கேட்டார். “உங்க பலகை” என்றாள் அவள். சேர்த்தார்.

பேசுவதற்காக நான்காவது புத்தகத்தைத் திரும்ப ஒருமுறை படித்தார். முன்னால் நடந்தவர்களைப் பற்றிய பக்கம் அதில் இருக்கிறது. எத்தனையோ தடவை படித்த பக்கம். எப்போதும் மனசுக்குள் ஓட்டுபவரின் இருக்கையில் உட்கார்ந்து, லீவரைப் பிடித்துக்கொண்டுதான் அதைப் படிப்பார். முன்னால் நடந்தவன் சுடப்பட்டுத் தண்ணீருக்குள் போய்விட்டால், உள்ளே இருப்பவனுக்கு உடனே தெரியாது என்று ஓட்டியவர் எழுதியிருந்தார். குரல் எட்டாது. வண்டி போய்க்கொண்டே இருக்கும்.

இந்தத் தடவை அந்த வரியைத் தாண்ட அவரால் முடியவில்லை. வரியில் வந்த தண்ணீரில் அவர் கண்ணுக்கு மஞ்சளாக ஏதோ மிதந்தது.

புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தார். ‘அவன் கத்தியிருப்பான்’ என்று முதல்முறையாக முழுசாக நினைத்தார். மனைவி வந்து பக்கத்தில் உட்கார்ந்து, என்ன என்று முகத்தாலேயே கேட்டாள். ஒன்றுமில்லை என்று தலையாட்டினார். சொன்னால் அவள் தம்பியைப் பற்றிய பேச்சாகிவிடும். இந்த வேலையை விட்டால் வேறு என்ன தெரியும் என்ற பேச்சும் கூடவே வரும்.

ஞாயிற்றுக்கிழமை நூலகத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். எந்தப் பொருளானாலும் வந்துவிடும் ஓய்வுபெற்ற தபால்காரர், நாய் வளர்ப்புக்காரர், பரீட்சைக்குப் படிக்க வந்து மாட்டிக்கொண்ட இரண்டு பெண்கள். மனைவி ஜன்னலோரம். மைத்துனன் சொன்னபடி முதல் வரிசையில், திருமணத்துக்குப் போட்ட சட்டையில். எல்லாம் சரியாகத்தான் இருந்தது, கதவைத் திறந்துகொண்டு சைட் பொறியாளர் உள்ளே வரும்வரை.

சின்ன வயசுக்காரர். பலகையைப் பார்த்தாராம். “நம்ம டாங்கியாரா! வராம இருப்பேனா?” என்று சொல்லிக்கொண்டே மைத்துனனுக்குப் பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார். மைத்துனன் தன் நாற்காலியை ஓர் அங்குலம் தள்ளிப் போட்டுக்கொண்டான்.

டாங்கியார் பேசினார். முதல் இரண்டு நிமிஷம் புத்தகத்தைப் பார்த்துப் பேசினார். பிறகு அது தேவைப்படவில்லை. பாறை விளிம்பு, பள்ளம், மிதவை எல்லாவற்றையும் மேசைமேல் பேனா, அழிப்பான், நூலகரின் மூக்குக் கண்ணாடிக் கூடு இவற்றை வைத்தே காட்டினார். தபால்காரர் தூங்கிப்போனார். பரீட்சைப் பெண்கள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். ஐந்தாவது புத்தகத்தைத் தூக்கிக் காட்டி, “மத்த நாலையும் படிச்சா இதையும் படிக்கணும். இல்லாட்டி மத்த நாலும் படிக்க வேணாம்” என்றார். கை தட்டினார்கள். தட்டுவது அவருக்குத் தெரிந்தது.

பிறகு கேள்வி. நாய் வளர்ப்புக்காரர் வாயைத் திறந்தார். மீசைக்குள் உதடு தெரியவில்லை. டாங்கியார் மைத்துனனைப் பார்த்தார். அவன் பக்கத்தில் பொறியாளர் இருந்த பதற்றத்தில், ஏதோ காட்டவேண்டுமே என்று, உள்ளங்கையை முன்னால் தள்ளினான்.

டாங்கியார் ஓரடி பின்னால் போனார்.

சபை விழித்தது. மைத்துனன் அய்யோ என்று மறுபடி கையை ஆட்டினான். டாங்கியார் இன்னும் பின்னால் போய்ப் புத்தக அலமாரியில் முதுகை இடித்துக்கொண்டு நின்றார். மைத்துனன் மூடிய கையைத் தூக்கினான். அவர் அசையாமல் நின்றார். பரீட்சைப் பெண்கள் சிரித்துவிட்டார்கள். தபால்காரர் எழுந்து உட்கார்ந்து, “முடிஞ்சுதா?” என்றார். மனைவி ஜன்னலோரம் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது சிரிப்பிலா வேறெதிலா என்று அங்கிருந்து தெரியவில்லை.

பொறியாளர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் மைத்துனனின் கையைப் பார்த்தார், டாங்கியாரைப் பார்த்தார். பிறகு மெதுவாக எழுந்து எதையோ கேட்டார். டாங்கியார் திரும்பவும் மைத்துனனைப் பார்த்தார். அவன் கை மடியில் கிடந்தது. அந்தக் கேள்விக்கு அவனிடம் சைகை இல்லை. தலையைக் குனிந்துகொண்டான்.

முன்னால் நடப்பவன் நின்றுவிட்டான். இனி ஓட்ட முடியாது.

“எனக்குக் கேக்கல சார்” என்றார் டாங்கியார். தம் குரல் எவ்வளவு சத்தமாக வந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. “ரொம்ப நாளாவே கேக்கல. எழுதிக் குடுங்க.”

நூலகர் பொறியாளரின் கேள்வியை ஒரு பெரிய தாளில் எழுதித் தூக்கிப் பிடித்தாள். பலகை எழுதிப் பழகிய கை. ‘டாங்கிக்கு உள்ளே இருப்பவருக்கு வெளியே இருப்பவர் கூப்பிடுவது எப்படிக் கேட்கும்?’

அவர் அதைப் படித்துவிட்டுப் பொறியாளர் பக்கம் திரும்பினார்.

“கேக்காது. கத்திப் பாத்தாங்க. துப்பாக்கிக் கட்டையால தட்டிப் பாத்தாங்க. அப்புறம் வண்டிக்குப் பின்னாடி ஒரு பெட்டி வெச்சு, அதுக்குள்ள டெலிபோன் வெச்சாங்க. வெளிய நடக்கறவன் அதை எடுத்து உள்ள இருக்கறவன்கிட்டப் பேசலாம். நாலாவது புத்தகத்துல படம் இருக்கு.” புத்தகத்தைத் தேடினார். கை மேசைமேல் தடவியதே தவிர எடுக்கவில்லை. “என் வண்டில அந்தப் பெட்டி இல்ல சார். முன்னாடி நடக்கறவன் என் மச்சான். நாலு மாசம் முன்னாடி அவன் ஹெல்மெட் மேல ஏத்திட்டேன். காத்துல பறந்துச்சுன்னான். காத்து இல்ல. இவன் விழுந்து கத்தியிருக்கான். நான் போயிட்டே இருந்திருக்கேன்.”

“மாமா, விடுங்க” என்று மைத்துனன் எழுந்தான். அதுவும் அவருக்குக் கேட்கவில்லை.

ஜன்னலோரத்திலிருந்து மனைவி வந்தாள். தம்பியின் முழங்கையைப் பிடித்துத் திருப்பி, ஆறிப்போன தழும்பைப் பார்த்தாள். கணவனைப் பார்த்தாள். “வீட்டுக்கு வாங்க, ரெண்டு பேருக்கும் இருக்கு” என்றாள். அது எல்லோருக்கும் கேட்டது, அவருக்கும் கேட்டது.

திங்கட்கிழமை அவரை வண்டியிலிருந்து இறக்கினார்கள். காது டாக்டர் பார்த்துவிட்டு, இனி இந்த இருக்கை கூடாது என்று ஒரே வரியில் எழுதினார். கம்புக்காரனாக முன்னால் நடக்கட்டுமே என்று அலுவலகத்தில் யாரோ யோசனை சொல்ல, அதைக் கேள்விப்பட்ட மனைவி வாசல்வரை வந்து, “பின்னாடி வர்ற வண்டி அவருக்குக் கேக்குமா? நீங்க படிச்சவங்கதானே?” என்று கேட்ட கேள்வி கிரேன்மேல் இருந்தவன் காதுவரை போயிற்று. கடைசியில் பட்டறையில் செயின் பழுதுபார்க்கும் வேலை கொடுத்தார்கள். சீட்டுக்கட்டுக்காரர்கள் சிலர் கொஞ்ச நாள் அவர் முகத்தைப் பார்க்காமல் போனார்கள். அவர்களில் இரண்டு பேருக்கு அவரைப்போலவே காது மந்தம், இப்போது எல்லோருக்கும் பரிசோதனை வைத்துவிட்டார்களே என்ற கோபம். அந்தக் கோபம் நியாயம்தான் என்று அவருக்கும் பட்டது. பட்டறை அவருக்குப் பிடிக்கவில்லை. பழைய இருக்கையின் அதிர்வு முதுகிலிருந்து இறங்க நாளாயிற்று.

பட்டறையில் முதல் வேலையாக ஒரு பெட்டி செய்தார். தகரப் பெட்டி, மழை இறங்காத மூடி, உள்ளே அழைப்பு மணிக்கு வைக்கும் சாதாரணப் பொத்தான். அதிலிருந்து ஒயரை வண்டியின் அடியோடு கொண்டுபோய், ஓட்டுபவரின் கண்ணுக்கு நேரே ஒரு சிவப்பு விளக்கில் முடித்தார். இப்படி நான்கு பெட்டி: முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. டெலிபோன் எதற்கு, எஞ்சின் சத்தத்தில் நல்ல காதும் கேட்காது என்று பொறியாளரிடம் சொல்லி அனுமதி வாங்கியிருந்தார். புதிதாக வண்டிக்கு வந்திருந்த ஓட்டுநர், “டாங்கியாரே, இது எரிஞ்சா நான் என்ன பண்ணணும்?” என்று நேரே நின்று கேட்டான்.

“நிக்கணும். ஏன்னு அப்புறம் கேக்கணும்.”

சோதித்துப் பார்க்கிற சாக்கில் ஒருமுறை தாமே ஏறி உட்கார்ந்தார். எஞ்சினை ஓடவிட்டார்கள். முதுகில் அந்தப் பழைய நடுக்கம் ஏறியது. முன்னால் கல் மேடு, அதற்கப்பால் கடல். மைத்துனன் எங்கும் கண்ணில் படவில்லை. அவர் கையை லீவரில் வைக்காமல் விளக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

எரிந்தது. அணைந்தது. சரி, வேலை செய்கிறது என்று இறங்கப் போனார். மறுபடி எரிந்தது. இன்னொரு முறை. மைத்துனன்தான், விளையாட்டுக்காரப் பயல், பின்னால் நின்றுகொண்டு விடாமல் அழுத்திக்கொண்டிருந்தான். புதிய ஓட்டுநர் கீழே நின்று பொறுமையிழந்து கடிகாரத்தைக் காட்டினான்.

டாங்கியார் திரும்பவும் இருக்கையில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். அது அணையும்வரை இறங்குவதாக இல்லை.